மேக்னட் சீட்டுக்கு விண்ணப்பிப்பது எப்படி: அமெரிக்கப் பள்ளி டிஸ்ட்ரிக்ட்டுகளின் சிறப்புத் திட்டங்கள்

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போவது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் வீட்டு முகவரிதான். அந்த முகவரிப் பள்ளி வேண்டாம் என்றால், அதே டிஸ்ட்ரிக்ட்டுக்குள் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) இன்னொரு பள்ளியில் நடக்கும் சிறப்புத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். மேக்னட் (ஒரு துறையை மையமாக வைத்துப் பல பகுதிப் பிள்ளைகளை ஈர்க்கும் பள்ளி), ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலோரியட் பாடத்திட்டம்), மொழி இம்மெர்ஷன் (பாடங்களை இன்னொரு மொழியில் நடத்துவது), கலைப் பள்ளி, தொழிற்பயிற்சி அகாடமி, ஏர்லி காலேஜ் (பள்ளியிலேயே கல்லூரிப் பாடமும் படிப்பது) என்று பெயர் பல. எல்லாம் அரசுப் பள்ளிகள், கல்விக் கட்டணம் கிடையாது.

ஆன்லைன் படிவத்தை நிரப்ப அரை மணி நேரம் போதும். ஆனால் சீட் கிடைக்குமா என்பது பெரும்பாலும் அந்தப் படிவத்தைத் திறப்பதற்கு முன்பே முடிவாகியிருக்கும். ஆகவே நல்ல பள்ளி எது என்று விசாரிப்பதற்கு முன்னால், அந்தத் திட்டம் சீட்டை எந்த முறையில் நிரப்புகிறது என்று விசாரியுங்கள். மற்ற வேலையெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தே அமையும்.

சீட்டை எப்படி நிரப்புகிறார்கள்

முறைகள் மூன்று. முதலாவது லாட்டரி: குறைந்தபட்சத் தகுதி இருந்தால் போதும், மீதியைக் குலுக்கல் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது மதிப்பீடு: தேர்வு, கிரேடு, கட்டுரை ஆகியவற்றைக் கூட்டி வரிசைப்படுத்துவார்கள். மூன்றாவது ஆடிஷன் (நேரில் பாடி, ஆடிக் காட்டுவது) அல்லது போர்ட்ஃபோலியோ (படைப்புகளின் தொகுப்பு). பல டிஸ்ட்ரிக்ட்டுகளில் இவை கலந்து வரும். தகுதிக்கு ஒரு வெட்டுக்கோடு, அதைத் தாண்டியவர்களுக்குள் லாட்டரி என்பது இப்போது பரவலாக உள்ள கலவை.

லாட்டரி மேக்னட்டில் பிள்ளை படிப்பில் கெட்டி என்பது செல்லாது. நம்மவர்களில் பலர் இதை ஏற்கச் சிரமப்படுகிறார்கள். மேக்னட் பள்ளிகள் உருவான காரணத்தைத் தெரிந்துகொண்டால் குழப்பம் தீரும். 1968-ல் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் மெக்கார்வர் தொடக்கப் பள்ளி இப்படித் தொடங்கியது. கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் தனித்தனிப் பள்ளிகளில் ஒதுங்கிக் கிடந்த நிலையை, கட்டாயப்படுத்தாமல், நல்ல பாடத்திட்டத்தைக் காட்டி ஈர்த்து மாற்றுவதுதான் நோக்கம். காந்தம் என்ற பெயரே அதனால்தான். சியாட்டில் டிஸ்ட்ரிக்ட் தொடர்பான வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, தனி மாணவரின் இனத்தைப் பார்த்து இடம் ஒதுக்குவது பெரும்பாலும் நின்றுபோனது. அந்த இடத்தில் குடும்ப வருமானம், குடியிருக்கும் பகுதி, இப்போது படிக்கும் பள்ளி போன்றவை வந்தன. எனவே விதிமுறைப் பக்கத்தில் முன்னுரிமை என்ற தலைப்பில் வருவதை வரிவரியாகப் படியுங்கள். உடன்பிறந்தவர், பள்ளிக்கு அருகில் வசிப்பவர், இதே திட்டத்தின் கீழ்நிலைப் பள்ளியிலிருந்து வருபவர், குறிப்பிட்ட வருமானப் பகுதியில் வசிப்பவர் என்று படிகள் இருக்கும். உங்கள் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறான், அந்தப் படிவரை எத்தனை சீட் மிஞ்சும் என்பதுதான் கணக்கு.

மதிப்பீட்டு முறையிலும் ஊருக்கு ஊர் விதி வேறு. நியூயார்க் நகரில் ஒன்பது ஸ்பெஷலைஸ்டு உயர்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் எட்டுக்கு எஸ்ஹெச்எஸ்ஏடி தேர்வு மதிப்பெண் ஒன்றுதான் அளவுகோல். ஒன்பதாவதான லாகார்டியாவில் ஆடிஷன். சிகாகோவின் செலக்டிவ் என்ரோல்மென்ட் உயர்நிலைப் பள்ளிகளில் மொத்தம் 900 புள்ளிகள்: ஏழாம் வகுப்பு கிரேடுக்கு 450, தேர்வுக்கு 450. அங்கே 30 சதவீத சீட் நேரடியாகத் தரவரிசைப்படி போகிறது. மீதியை, நகரத்தை வருமானம், படிப்பறிவு போன்றவற்றின் அடிப்படையில் நான்கு அடுக்குகளாகப் பிரித்து, அடுக்குக்குள் தரவரிசைப்படி தருகிறார்கள். ஆகவே ஒரே மதிப்பெண் எடுத்த இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்குக் கிடைத்து மற்றதற்குக் கிடைக்காமல் போவது அங்கே சாதாரணம். வர்ஜீனியாவில் தாமஸ் ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளி 2020-ல் நுழைவுத்தேர்வைக் கைவிட்டு, கிரேடு, கட்டுரைகள், ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் 1.5 சதவீத ஒதுக்கீடு என்று மாறியது. பழைய தேர்வுக்கான கோச்சிங் புத்தகங்களோடு தயாராகிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அந்த உழைப்பு வீண். மூன்று வருடம் முன்பு சேர்ந்த பிள்ளையின் பெற்றோர் சொல்வதை ஆறுதலுக்குக் கேட்கலாம். விதிக்கு இந்த ஆண்டின் பக்கம்தான் பிரமாணம்.

தகுதி முடிவாவது இரண்டு வருடம் முன்பே

தாமதமாக விழிப்பவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். ஒன்பதாம் வகுப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணக்கு) திட்டங்கள் பல, எட்டாம் வகுப்பு முடிவதற்குள் அல்ஜிப்ரா 1 படித்திருக்கவேண்டும் என்று நிபந்தனை வைக்கின்றன. எட்டாம் வகுப்பில் அல்ஜிப்ரா 1 எடுக்க, ஏழாம் வகுப்பில் வேகமாகப் பாடம் நடத்தும் முடுக்கிய கணக்குப் பிரிவில் இருக்கவேண்டும். அதற்கான பிரிவு ஐந்தாம் வகுப்பு முடிவிலோ ஆறாம் வகுப்பின் தொடக்கத்திலோ, ஒரு பிளேஸ்மென்ட் தேர்வை வைத்து, பெற்றோருக்குப் பெரிய அறிவிப்பு எதுவும் இல்லாமலே நடந்து முடிந்துவிடும். ஆறாம் வகுப்பு கால அட்டவணை கைக்கு வந்தவுடன் கணக்குப் பாடத்தின் பெயரைப் பாருங்கள். மேத் 6 என்று மட்டும் இருந்தால், பள்ளியின் ஆலோசகரான கவுன்சிலரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பாதையில் போனால் எட்டாம் வகுப்பில் எந்தக் கணக்கு? பதில் அல்ஜிப்ரா 1 இல்லையென்றால், கோடை வகுப்பு அல்லது கூடுதல் தேர்வு மூலம் பாதை மாற வழி உண்டா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். எட்டாம் வகுப்பு அக்டோபரில் கேட்டால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

கிரேடும் அப்படித்தான். ஒன்பதாம் வகுப்புக்கான விண்ணப்பம் எட்டாம் வகுப்பின் இலையுதிர் காலத்தில் போகிறது. அப்போது கையில் இருக்கும் கடைசி முழு ஆண்டு கிரேடு ஏழாம் வகுப்புடையது. ஆகையால் ஏழாம் வகுப்பில் எடுத்த ஒரு சி, எட்டாம் வகுப்பில் எடுக்கும் ஐந்து ஏ-க்களால் சரியாகாது.

மொழி இம்மெர்ஷனில் நுழைவாயில் கிண்டர்கார்டன், சில இடங்களில் முதல் வகுப்பு வரை. அதற்குப் பிறகு சேர அந்த மொழியில் தேர்ச்சி காட்டவேண்டும். கிண்டர்கார்டனுக்கான வயதுக் கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: டெக்சாஸில் செப்டம்பர் 1, வர்ஜீனியாவில் செப்டம்பர் 30, நியூயார்க் நகரில் டிசம்பர் 31. மாநிலம் விட்டு மாநிலம் மாறுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் ஒரு வருடத்தைத் தவறவிடுவதுண்டு. பொதுவாகவே கிண்டர்கார்டன், ஆறு, ஒன்பது ஆகிய வகுப்புகளில்தான் சீட்டுகள் மொத்தமாகத் திறக்கும். இடைப்பட்ட வகுப்புகளில் யாராவது வெளியேறினால்தான் இடம்.

நாட்காட்டி

தேதிகள் வேறுபட்டாலும் ஓட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். செப்டம்பர், அக்டோபரில் திட்டங்களின் பட்டியலும் ஓப்பன் ஹவுஸ் தேதிகளும் வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை படிவம் திறக்கும். தேர்வும் ஆடிஷனும் பெரும்பாலும் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில். டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் கெடு முடியும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை முடிவுகள். தேர்வுக்கான பதிவுக்குத் தனிக் கெடு இருக்கும், அது விண்ணப்பக் கெடுவுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். படிவத்தின் கடைசித் தேதியை மட்டும் குறித்துவைத்தவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

டிசம்பர் விடுமுறைக்கு இந்தியா போகிறவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன் இந்த நாட்காட்டியைப் பார்த்துவிடுவது நல்லது. தவறவிட்ட ஆடிஷனுக்கு மறு தேதி தருவார்கள் என்று நம்பி இருக்க முடியாது.

முகவரி, பெயர், பிறந்த தேதி

காகித வேலையில் வரும் சிக்கல்களில் பாதி இந்த மூன்றில் அடங்கும்.

முகவரிக்கு இரண்டு வகைச் சான்று கேட்பது வழக்கம். ஒன்று, வீடு உங்கள் பொறுப்பில் இருப்பதற்கு: லீஸ், மார்ட்கேஜ் ஸ்டேட்மென்ட் அல்லது சொத்து வரி ரசீது. இன்னொன்று, அங்கே குடியிருப்பதற்கு: மின்சாரம், தண்ணீர், கேஸ் பில் போன்றவை, அதுவும் அண்மையில் வந்தவை. செல்போன் பில்லைப் பல இடங்களில் ஏற்பதில்லை. லீஸும் பில்லும் கணவர் பெயரில் மட்டும் இருக்க, விண்ணப்பக் கணக்கை மனைவி பெயரில் தொடங்கினால், ஆவணமும் கணக்கும் பொருந்தாமல் ஆய்வில் நின்றுவிடும். லீஸில் இருவர் பெயரும் இருக்கும்படி புதுப்பிக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் லீஸில் பெயர் உள்ளவர் கணக்கைத் தொடங்கட்டும். வேறொருவர் வீட்டில் தங்கியிருந்தால் அதற்கென்று நோட்டரி கையெழுத்துடன் கூடிய உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. நண்பர் வீட்டு முகவரியைச் சும்மா போட்டுவிடுவது வேறு கதை. பிள்ளை படித்துக்கொண்டிருக்கும் நடு வருடத்தில்கூட சீட்டை ரத்து செய்வார்கள், சில டிஸ்ட்ரிக்ட்டுகள் படித்த காலத்துக்குப் பணமும் கேட்கும்.

பெயர் நமக்கே உரிய தலைவலி. பிள்ளையின் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர், அப்பாவின் கடைசிப் பெயர் தாத்தாவின் பெயர், அம்மாவின் கடைசிப் பெயர் இன்னொரு தாத்தாவுடையது. ஒரே வீட்டில் மூன்று கடைசிப் பெயர். இதுவே பரவாயில்லை. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்த பிள்ளைக்கு, விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்திருக்கும். அதைப் பார்த்துப் பள்ளியிலும் அப்படியே பதிந்திருப்பார்கள். இங்கே பிறந்த தங்கைக்கோ பிறப்புச் சான்றிதழில் ஒழுங்கான முதல் பெயரும் கடைசிப் பெயரும் இருக்கும். உடன்பிறந்தவர் முன்னுரிமை கேட்கும்போது கணினிக்கு இந்த இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியாது. இதைத் தீர்க்க, விண்ணப்பம் திறப்பதற்கு ஒரு மாதம் முன்பே பெற்றோர் போர்ட்டலுக்குள் போய், ஒரே லாகினில் இரண்டு பிள்ளைகளும் தெரிகிறார்களா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் பள்ளியின் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் இருவரின் பிறப்புச் சான்றிதழையும் காட்டி இணைக்கச் சொல்லுங்கள். படிவத்தில் எழுதும் பெயர் பள்ளிப் பதிவில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தவேண்டும். அழகான பெயர் எது என்பது அப்புறம்.

பிறந்த தேதியில் மாதம் முதலில் வரும். ஆகஸ்ட் 5-ல் பிறந்த பிள்ளைக்கு 05/08 என்று பழக்கதோஷத்தில் தட்டிவிட்டால் மே 8 ஆகிவிடும். 12-ம் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்குக் கணினியே பிழை காட்டும், 12-க்குள் பிறந்தவர்களுக்குக் காட்டாது.

விசா நிலை பற்றிய பயம் தேவையில்லை. ப்ளைலர் எதிர் டோ வழக்கில் 1982-ல் வந்த தீர்ப்பின்படி, குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளைக்கும் அரசுப் பள்ளிக் கதவை மூட முடியாது. சோஷியல் செக்யூரிட்டி எண் தரவில்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவும் முடியாது. அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம்.

பள்ளியில் முதலில் பதியும்போது வீட்டு மொழி பற்றிய கேள்வித்தாள் ஒன்று வரும். தமிழ் என்று எழுதினால் பிள்ளையை ஆங்கிலம் தெரியாதவர் வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து ஆங்கிலம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. உண்மையை எழுதுங்கள். தமிழ் என்று எழுதினால் ஆங்கிலத் திறன் சோதனை ஒன்று நடக்கும், பிள்ளைக்கு ஆங்கிலம் வந்தால் அதோடு முடிந்தது. சோதனையில் உதவி தேவை என்று தெரிந்தால் அந்த உதவியைத் தரவேண்டியது பள்ளியின் சட்டக் கடமை, அதைக் காட்டி மேக்னட்டில் மறுக்க முடியாது.

விருப்ப வரிசையை எப்படிப் போடுவது

பெற்றோர் அதிகம் வாதம் செய்யும் இடம் இது. முதலிடத்தில் பெரிய பள்ளியைப் போட்டால் அதுவும் கிடைக்காமல் இரண்டாவதும் போய்விடுமா? பதில், டிஸ்ட்ரிக்ட் எந்தக் கணக்கு முறையைப் பயன்படுத்துகிறது என்பதைப் பொறுத்தது.

பழைய முறையில், முதல் சுற்றில் ஒவ்வொரு பள்ளியும் தன்னை முதலிடத்தில் போட்டவர்களுக்கு மட்டும் சீட் கொடுத்து முடித்துவிடும். மிஞ்சினால்தான் இரண்டாமிடத்தில் போட்டவர்களுக்கு. கல்யாணப் பந்தியைப் போல, முதலில் உட்கார்ந்தவரை யாரும் எழுப்பமாட்டார்கள். இந்த முறையில், கிடைக்க வாய்ப்பில்லாத பள்ளிக்கு முதலிடத்தைச் செலவழித்தால் மற்ற நல்ல பள்ளிகளிலும் பந்தி முடிந்திருக்கும். பாஸ்டன் நகரம் இந்த முறையை 2005-ல் கைவிட்டது.

புதிய முறை, கேல், ஷாப்லி என்ற இரண்டு கணித வல்லுநர்கள் 1962-ல் எழுதிய வழிமுறையிலிருந்து வந்தது. இதில் முதல் சுற்றில் கிடைக்கும் இடம் தற்காலிகமானது. உங்கள் முதல் விருப்பப் பள்ளி மறுத்தால், இரண்டாவது விருப்பப் பள்ளிக்கு உங்கள் பெயர் போகும். அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரைவிட உங்கள் முன்னுரிமையோ லாட்டரி எண்ணோ மேலாக இருந்தால், அவர் எழுந்து தன் அடுத்த விருப்பத்துக்குப் போவார். அவர் அந்தப் பள்ளியை முதலிடத்தில் போட்டிருந்தார் என்பது செல்லாது. நியூயார்க் நகர உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை இந்த வகையில்தான் நடக்கிறது. இங்கே தந்திரத்துக்கு வேலையே இல்லை. மனதில் இருக்கும் வரிசையை அப்படியே போடுவதுதான் சரி, அதனால் நஷ்டம் ஏதும் வராது.

உங்கள் டிஸ்ட்ரிக்ட்டில் எது என்று தெரிய, சேர்க்கை அலுவலகத்துக்கு இந்த ஒரே கேள்வியை மின்னஞ்சலில் அனுப்புங்கள்: ஒரு பள்ளியை இரண்டாமிடத்தில் போட்டால், அதே முன்னுரிமையும் அதே தரமும் உள்ள, அதை முதலிடத்தில் போட்ட பிள்ளையைவிட என் பிள்ளையின் வாய்ப்பு குறையுமா? குறையும் என்றால் பழைய முறை. குறையாது என்றால் உண்மை வரிசை. தொலைபேசியில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், எழுத்தில் வாங்குவது நல்லது.

பள்ளிகளின் எண்ணிக்கையிலும் சிலர் தந்திரம் செய்வதாக நினைத்து ஒரே ஒரு பள்ளியை மட்டும் போடுகிறார்கள், வேறு வழியில்லாமல் அதைத் தந்துவிடுவார்கள் என்று. அப்படி எந்தக் கணினியும் யோசிப்பதில்லை. கிடைக்காவிட்டால் முகவரிப் பள்ளிதான். மறுபக்கம், கிடைத்தாலும் அனுப்பமாட்டோம் என்று தெரிந்த பள்ளியைப் பட்டியலை நிரப்பப் போடாதீர்கள். சில டிஸ்ட்ரிக்ட்டுகளில் மேக்னட் சீட் கிடைத்தவுடன் முகவரிப் பள்ளியில் உங்கள் இடம் போய்விடும், மறுக்கக் கொடுக்கும் அவகாசம் சில நாட்கள்தான்.

லாட்டரிக்கு முதல் நாளே விண்ணப்பிப்பதால் பலன் இல்லை. கெடுவுக்குள் வந்த எல்லாம் ஒரே குவியலில்தான் சேரும். கெடு தாண்டி வந்தவைதான் வந்த வரிசைப்படி கடைசியில் நிற்கும். நியூயார்க்கில் பிள்ளையின் லாட்டரி எண்ணை விண்ணப்பிக்கும்போதே பார்க்கலாம். 32 எழுத்துகளும் இலக்கங்களும் கலந்து மிரட்டும், ஆனால் முதல் இரண்டைப் பார்த்தாலே போதும். வரிசை 0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப் வரை. 40 என்று தொடங்கினால் முதல் கால்பங்கின் எல்லையில் இருக்கிறீர்கள். 80 என்றால் நட்டநடு. எஃப் என்றால், லாட்டரியை மட்டும் நம்பும் பள்ளிகளோடு தேர்வோ கட்டுரையோ கேட்கும் திட்டங்களையும் பட்டியலில் சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இரட்டையர்களுக்கு ஒரு வார்த்தை: சில இடங்களில் இருவரையும் ஒன்றாக இணைக்கச் சொல்லி ஒரு பெட்டி இருக்கும், டிக் செய்யாவிட்டால் இரண்டு தனி எண். உடன்பிறந்தவர் முன்னுரிமை என்பது, மூத்தவர் அடுத்த ஆண்டும் அதே பள்ளியில் இருந்தால்தான். ஐந்தாம் வகுப்போடு முடியும் பள்ளியில் இப்போது ஐந்தில் படிக்கும் அக்காவால் தம்பிக்குப் பயனில்லை.

தேர்வு, கட்டுரை, ஆடிஷன்

திறமைப் பிள்ளைகளுக்கான திட்டங்களில் அதிகம் வரும் தேர்வு காக்ஏடி. சொல், எண், உருவம் என்று மூன்று பகுதி. சராசரி 100, திட்ட விலக்கம் 16 என்ற அளவில் மதிப்பெண் வரும். மூன்றில் எதைப் பார்க்கிறார்கள், தேசிய ஒப்பீடா டிஸ்ட்ரிக்ட்டுக்குள் ஒப்பீடா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் நிறைந்த டிஸ்ட்ரிக்ட்டில், உள்ளூர் ஒப்பீட்டில் அதே பிள்ளையின் இடம் கீழே இறங்கும். தயாரிப்பு என்றால் கேள்வியின் வடிவத்தைப் பழக்கப்படுத்துவது மட்டும்தான். உருவத்தை மடித்துத் துளையிட்டு விரித்தால் எப்படி இருக்கும் என்ற கேள்வியை முதல்முறையாகத் தேர்வறையில் பார்க்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை திகைத்துப்போகும். சில வாரங்கள், நாளைக்குச் சில பக்கங்கள் போதும். வருடக்கணக்கில் கோச்சிங் தேவையில்லை.

எஸ்ஹெச்எஸ்ஏடியில் 114 கேள்விகள், ஆங்கிலம் 57, கணக்கு 57, மூன்று மணி நேரம். 2025 முதல் கணினியில் நடக்கிறது. தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, எனவே எதையும் காலியாக விடக்கூடாது. நுழைவுத்தேர்வில் மைனஸ் மார்க்குக்குப் பயந்த பெற்றோர் பிள்ளைக்கும் அந்தப் பயத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

பிள்ளைக்கு ஐஈபி அல்லது 504 திட்டம் (சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி எழுதித் தரும் உதவித் திட்டங்கள்) இருந்தால், கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் நுழைவுத் தேர்வுக்கும் பொருந்தும். ஆனால் தானாக வந்துவிடும் என்று இருக்கவேண்டாம். பதிவு செய்யும்போதே கேட்டு, அனுமதிச் சீட்டில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கட்டுரைகளைப் பல இடங்களில் பள்ளியிலேயே, மேற்பார்வையில் எழுதச் சொல்கிறார்கள். மனப்பாடம் செய்த கட்டுரை கேள்வியோடு ஒட்டாமல் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பிள்ளை உண்மையில் செய்த இரண்டு மூன்று காரியங்களை விவரமாகப் பேச வைத்துப் பழக்குங்கள்: என்ன செய்தான், எங்கே மாட்டினான், அடுத்து என்ன மாற்றினான். ரோபோட்டிக்ஸ் குழுவில் இருந்தேன் என்ற வரியால் பயனில்லை. சக்கரம் ஒரு பக்கம் இழுத்தபோது எந்த மோட்டாரின் வேகத்தைக் குறைத்துச் சரிசெய்தேன் என்பதற்கு மதிப்பு உண்டு.

ஆடிஷனில் நம் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல். கர்நாடக சங்கீதம் பத்து வருடம் படித்த குழந்தை, பியானோவில் தட்டிய சுரத்தைத் திருப்பிப் பாடச் சொன்னால் கமகத்தோடு பாடிவிடும். கேட்பவருக்கு அது சுருதி ஆடுவதாகத் தோன்றக்கூடும். ஒரு சுரத்தை அசையாமல் நேராக நிறுத்தி, ஸரிகம இல்லாமல் லா என்று பாடவும், தட்டிக்காட்டிய தாளத்தைத் திருப்பித் தட்டவும் வீட்டில் பழக்குங்கள். பரதம் படித்தவர்கள் நடனப் பிரிவுக்குப் போவதானால், தனி நடனத்துக்குப் பரதம் ஆடலாமா, பாலே வகுப்பும் இருக்குமா என்று முன்பே எழுதிக் கேளுங்கள். ஓவியப் பிரிவில் எத்தனை படம், நேரில் பார்த்து வரைந்தது எத்தனை என்று பட்டியல் தருவார்கள். புகைப்படத்தைப் பார்த்து வரைந்ததை நேரில் வரைந்ததாக அனுப்பினால் ஆசிரியர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சமர்ப்பிக்கும் முன்

பஸ்ஸைப் பாருங்கள். மேக்னட் பள்ளிகளுக்கு வீட்டு வாசலுக்குப் பஸ் வருவது அபூர்வம். பொதுவான ஒரு நிறுத்தத்தில் விட்டு, அங்கிருந்து எடுத்துக்கொள்வார்கள். பள்ளி ஏழரைக்குத் தொடங்கினால் நிறுத்தத்தில் ஆறு மணிக்கு நிற்க நேரிடலாம். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இதுதான் கடைசியில் சீட்டைத் திருப்பிக்கொடுக்க வைக்கும் காரணம். விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலைநாள் காலையில் அந்த வழியில் காரை ஓட்டிப் பாருங்கள்.

சேவ் வேறு, சப்மிட் வேறு. சேவ் செய்த படிவம் டிராஃப்ட்டாகவே கிடக்கும், யாரும் நினைவூட்டமாட்டார்கள். சமர்ப்பித்தவுடன் வரும் உறுதி எண்ணை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சமர்ப்பித்த பிறகு வரிசையைத் திருத்தினால் பல போர்ட்டல்களில் மறுபடி சப்மிட் அழுத்தவேண்டும், இல்லையென்றால் முழு விண்ணப்பமும் டிராஃப்ட்டுக்குத் திரும்பிவிடும். கடைசி நாள் இரவில் தளம் திணறும், அதனால் மூன்று நாள் முன்பே முடித்துவிடுவது நல்லது.

முடிவு வந்த பிறகு

சீட் கிடைத்தால் குறித்த நாளுக்குள் ஏற்றுக்கொள்ளவேண்டும், ஒன்று அல்லது இரண்டு வாரம் கொடுப்பார்கள். பதில் சொல்லாமல் விட்டால் மறுத்ததாகக் கணக்கு. மின்னஞ்சல் ஸ்பாமில் விழுவது சகஜம் என்பதால் அந்த வாரம் போர்ட்டலுக்குள் நேரடியாகப் போய்ப் பாருங்கள். ஒன்றை ஏற்றுக்கொண்டே மற்றொன்றின் வெயிட்லிஸ்ட்டில் இருக்கலாமா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் அனுமதி உண்டு, சில இடங்களில் ஏற்றவுடன் மற்ற பட்டியல்களிலிருந்து பெயர் நீங்கிவிடும். தடுப்பூசி விவரம் சேர்க்கையின்போதுதான் தேவை. இந்தியத் தடுப்பூசி அட்டையைப் பல இடங்களில் அப்படியே ஏற்கமாட்டார்கள், இங்குள்ள மருத்துவர் மாநிலப் படிவத்தில் எழுதித் தரவேண்டியிருக்கும்.

வெயிட்லிஸ்ட்டில் எண் 40 என்றால் நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள், எண் 4 என்றால் கொண்டாடவும் வேண்டாம். சென்ற ஆண்டு அந்த வகுப்பில் பட்டியல் எத்தனையாவது எண்வரை நகர்ந்தது என்று பள்ளியிடம் கேளுங்கள், பெரும்பாலும் சொல்வார்கள். மே, ஜூனில் ஓர் அசைவு, பள்ளி திறப்பதற்கு முந்தின இரண்டு வாரங்களில் இன்னோர் அசைவு. கோடையில் வரும் அழைப்புக்குப் பதில் சொல்ல இரண்டு நாள்கூடக் கிடைக்காமல் போகலாம். அந்த நேரத்தில்தான் நம் குடும்பங்கள் சென்னையிலோ மதுரையிலோ இருக்கும், அமெரிக்க எண்ணுக்கு வரும் குறுஞ்செய்தி கைக்கு வராது. கிளம்பும் முன் போர்ட்டலில் மின்னஞ்சலைச் சரிபாருங்கள், இரண்டாவது தொடர்பாளராக இங்கே இருக்கும் ஒருவரின் எண்ணைச் சேருங்கள், அமெரிக்க எண்ணை ரோமிங்கிலோ வைஃபை அழைப்பிலோ உயிரோடு வையுங்கள், உள்நுழையும் குறியீடு குறுஞ்செய்திக்கு வருகிறதா மின்னஞ்சலுக்கு வருகிறதா என்பதை மாற்றிவையுங்கள்.

மேல்முறையீடு என்று ஒன்று இருக்கும். பிள்ளை தகுதியானவன் என்று வாதாடும் இடம் அது இல்லை. கிரேடு தவறாக ஏறியது, உடன்பிறந்தவர் முன்னுரிமை விடுபட்டது, தேர்வறையில் தரவேண்டிய சலுகை தரப்படவில்லை போன்ற பிழைகளுக்கு மட்டும் அது வேலை செய்யும். காகிதத்தோடு, குறுகிய கடிதமாக, கொடுத்த நாட்களுக்குள் அனுப்பவேண்டும். பிழை எதுவும் இல்லை என்றால் அந்த நேரத்தை அடுத்த நுழைவாயிலுக்குச் செலவிடலாம். ஒன்பதில் கிடைக்காதவர்களுக்குப் பத்தாம் வகுப்பில் சில சீட் திறக்கும் பள்ளிகள் உண்டு, அதற்கான தேர்வுப் பதிவு அநேகமாக ஒன்பதாம் வகுப்பின் முதல் இரண்டு மாதங்களிலேயே முடிந்துவிடும்.